ஊரே தூக்கிவிட்ட சுமை!

குட்டீஸ்... ஓமலூர் பக்கத்துக் கிராமங்களில் ஒரு காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காய்கறிக் கூடையைச் சந்தைக்குக் கொண்டு போக வேண்டிய அம்மா ஒருவர், முதலில் ஒரு பழைய துணியை முறுக்கி, வட்டமாகச் சுற்றித் தலையில் வைப்பார். அதற்குச் சும்மாடு என்று பெயர். அடுத்து கூடையைத் தூக்க வேண்டும். ஆனால், தனியாகத் தூக்கித் தலையில் வைக்க முடியாது. சுற்றும் முற்றும் பார்ப்பார். வழியில் போகும் யாரையாவது கூப்பிட்டு ஒரு கை கொடுக்கச் சொல்வார். இருவரும் சேர்ந்து தூக்க, கூடை சும்மாட்டின் மேல் உட்கார்ந்து கொள்ளும். அப்புறம் என்ன? கையை வீசிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து விடுவார்!

கவனித்தீர்களா? சுமையைச் சுமப்பது ஒருவர்தான். ஆனால், அதைத் தூக்கிவிட இன்னொருவர் வேண்டும்.

விளையாட்டிலும் இப்படித்தான். ஓமலூர் வட்டாரத்தில் உள்ள பெரியவடகம்பட்டி என்ற சிறிய கிராமத்தில் பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில், பள்ளிக்குப் போகும் வழியில் பஸ் மோதி, அவரது வலது கால் நசுங்கிப் போனது. அவருடைய அம்மா கூலி வேலை செய்தும், காய்கறி விற்றும் பிள்ளைகளை வளர்த்தார். மகனின் சிகிச்சைக்காகக் கடன் வாங்கினார். அந்த மகன்தான் 2016ம் ஆண்டு ரியோ பாராலிம்பிக் போட்டியில், உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கப் பதக்கம் வென்றார். பிறகு டோக்கியோ போட்டியில் வெள்ளி, 2024ம் ஆண்டு பாரிஸ் போட்டியில் வெண்கலம்!

மாரியப்பன் பிறப்பதற்கு 40 ஆண்டுகளுக்கும் முன்பே, அவரைப் போல ஒரு கிராமத்து இளைஞர், பெரிய சுமையோடு ஒலிம்பிக் போட்டிக்குப் போனார். அவருக்காக ஊரே காசு சேர்த்தது. ஒரு கல்லூரி முதல்வர், தன் வீட்டையே அடமானம் வைத்தார். அத்தனை பேரின் நம்பிக்கையையும் தோளில் சுமந்து கொண்டு போய், வெறுங்கையோடு திரும்பாமல் வந்தார் அவர்.

சுதந்திர இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றுத் தந்த மல்யுத்த வீரர், காஷாபா தாதாசாகேப் ஜாதவ் கதைதான் இது.

பயில்வான் வீட்டுப் பிள்ளை

மகாராஷ்டிரா மாநிலம், சாத்தாரா மாவட்டத்தில் கராட் என்று ஓர் ஊர் இருக்கிறது. கிருஷ்ணா நதியும், கொய்னா நதியும் ஒன்று சேரும் இடம் அது. அதன் அருகில் உள்ள கோலேஷ்வர் என்ற கிராமத்தில், 1926ம் ஆண்டு, ஜனவரி 15ம் தேதி பிறந்தார் காஷாபா. அப்பா தாதாசாகேப், விவசாயி, பயில்வானும்கூட. அவருக்கு ஐந்து மகன்கள். அதில் கடைக்குட்டிதான் காஷாபா.

அந்தப் பகுதியில் கிராமத்துக்குக் கிராமம் கோதா உண்டு. கோதா என்றால் என்ன தெரியுமா? மல்யுத்தம் செய்யும் மண் களம். மண்ணை நன்றாகச் சலித்து, கல், முள் இல்லாமல் பொறுக்கி, கொத்திக் கிளறி மெத்தைபோல் ஆக்கி வைத்திருப்பார்கள். சண்டைக்கோ, போட்டிக்கோ தயாராவதை, கோதாவில் இறங்குவது என்று நாம் சொல்கிறோம் அல்லவா, அந்தச் சொல் இங்கிருந்து வந்ததுதான்.

காஷாபாவுக்கு ஐந்து வயது ஆனபோதே, அவரைக் கோதாவில் இறக்கிவிட்டார் அப்பா. காலையில் எழுந்ததும் தண்டால், பஸ்கி, பிறகு மண்ணில் புரண்டு மல்யுத்தப் பயிற்சி. எட்டு வயதிலேயே உள்ளூர் சாம்பியன் ஒருவரை இரண்டு நிமிடத்தில் வீழ்த்தினார் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

கராட்டில் உள்ள திலக் உயர்நிலைப் பள்ளியில் படித்தார் காஷாபா. அது சுதந்திரப் போராட்டம் சூடுபிடித்திருந்த நேரம். 1942ம் ஆண்டு, வெள்ளையனே வெளியேறு இயக்கம் தொடங்கியது. சாத்தாரா மாவட்டத்தில் போராட்டம் மிகத் தீவிரமாக நடந்தது. போலீசுக்குப் பயந்து மறைந்து திரிந்த போராட்ட வீரர்களுக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தும், அவர்களுடைய கடிதங்களைக் கொண்டு போய்ச் சேர்த்தும் உதவினார் காஷாபா. அப்போது அவருக்கு வயது 16தான். மாட்டிக்கொண்டால் சிறைதான். அவர் தூக்கிய முதல் பெரிய சுமை அதுதான்.

ஒல்லிப்பிச்சான் மாணவர்

பள்ளிப் படிப்பு முடிந்ததும், கோலாப்பூரில் உள்ள ராஜாராம் கல்லூரியில் சேர்ந்தார் ஜாதவ். கோலாப்பூர் மல்யுத்தத்துக்குப் பெயர்போன ஊர். அங்கு பயில்வான் என்றால் மலைபோல இருப்பார்கள். ஜாதவோ உயரம் குறைவு, உடம்பும் ஒல்லி.

கல்லூரியில் விளையாட்டு விழா வந்தது. மல்யுத்தப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனார் ஜாதவ். அவருடைய உடம்பைப் பார்த்ததும் சேர்த்துக்கொள்ள மறுத்து விட்டார்கள்.

வேறு யாராக இருந்தாலும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பியிருப்பார்கள். ஜாதவ் அப்படிச் செய்யவில்லை. நேராகக் கல்லூரி முதல்வரிடம் போய், ஒரே ஒரு வாய்ப்பு கேட்டார். முதல்வரின் பெயர் கர்டேகர். தைரியமாக வந்து கேட்ட மாணவரை அவருக்குப் பிடித்துவிட்டது. அனுமதி கொடுத்தார்.

கோதாவில் இறங்கினார் ஜாதவ். தன்னைவிடப் பெரிய உடம்புக்காரர்களை ஒருவர் பின் ஒருவராக மண்ணைக் கவ்வ வைத்தார். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தனர். எதிராளியின் பலத்தையே அவருக்கு எதிராகத் திருப்பிவிடுவதில் ஜாதவ் கெட்டிக்காரர். கண் மூடித் திறப்பதற்குள் பிடி மாறியிருக்கும். எதிராளி மல்லாந்து கிடப்பார்! பின்னாளில் அவருக்குப் பாக்கெட் டைனமோ என்ற பட்டப் பெயரே வந்தது.

அந்த முதல்வரை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், குட்டீஸ். இந்தக் கதையில் அவர் மறுபடியும் வருவார்.

மண்ணிலிருந்து மெத்தைக்கு...

1948ம் ஆண்டு, லண்டனில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. சுதந்திரம் அடைந்த பிறகு இந்தியா கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் அது. ஜாதவுக்கு வாய்ப்புக் கிடைத்தது. ஆனால், கப்பலோ விமானமோ, லண்டன் போகப் பணம்? கோலாப்பூர் மகாராஜா செலவை ஏற்றுக்கொண்டார்.

லண்டனில் இறங்கியதும் ஒரு பெரிய சிக்கல் காத்திருந்தது. பிறந்ததிலிருந்து மண்ணில் மல்யுத்தம் செய்து பழகியவர் ஜாதவ். ஒலிம்பிக்கிலோ மெத்தை விரிப்பின் மீது போட்டி. மண்ணில் கால் ஊன்றி நிற்கும், மெத்தையில் வழுக்கும். நம் ஊர் குஸ்தியில் எதிராளியை மல்லாத்தினால்தான் வெற்றி. அதற்கு எவ்வளவு நேரமும் ஆகலாம். ஒலிம்பிக்கில் நேரக் கணக்கு உண்டு, ஒவ்வொரு பிடிக்கும் புள்ளி உண்டு, பல புதிய விதிகள் உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த ரீஸ் கார்ட்னர் என்ற முன்னாள் வீரர் அங்கு அவருக்குப் பயிற்சி கொடுத்தார்.

தெருவில் ரப்பர் பந்தில் கிரிக்கெட் ஆடியவரைத் திடீரென்று பெரிய மைதானத்தில் இறக்கிவிட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது ஜாதவுக்கு. ஆனாலும், 52 கிலோ எடைப் பிரிவில் ஆஸ்திரேலிய வீரரையும், அமெரிக்க வீரரையும் தோற்கடித்தார். ஈரான் வீரரிடம் தோற்றார். முடிவில் ஆறாவது இடம்.

பதக்கம் இல்லாமல் ஊர் திரும்பிய ஜாதவ், சோர்ந்து உட்காரவில்லை. தன்னைத் தோற்கடித்தது எதிராளியின் பலம் மட்டும் அல்ல. தனக்குப் பழக்கம் இல்லாத மெத்தையும், தெரியாத விதிகளும்தான் என்று புரிந்துகொண்டார். அடுத்த நான்கு ஆண்டுகள் கடுமையான பயிற்சி. இந்த முறை ஒரு படி மேலே உள்ள 57 கிலோ எடைப் பிரிவுக்கு மாறினார்.

சென்னையில் வந்த சோதனை

அடுத்த ஒலிம்பிக், 1952ம் ஆண்டு, பின்லாந்து நாட்டின் தலைநகர் ஹெல்சிங்கியில். அதற்கு வீரர்களைத் தேர்வு செய்யும் நேரத்தில் புதிய சோதனை வந்தது.

அந்த நாளில் மெட்ராஸ் என்று அழைக்கப்பட்ட நம் சென்னையில், தேசிய மல்யுத்தப் போட்டி நடந்தது. அதில் தனக்கு வேண்டுமென்றே ஒரு புள்ளி குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்பது ஜாதவின் மனக்குறை. அந்த ஒரு புள்ளியால் ஒலிம்பிக் வாய்ப்பே கை நழுவிப் போகும் நிலை!

பரீட்சையில் சரியாக எழுதிய விடைக்கு மதிப்பெண் கிடைக்காவிட்டால் எப்படி இருக்கும்? அழுகை வரும், கோபம் வரும். ஜாதவ் சண்டை போடவில்லை; அமைதியாக ஒதுங்கிப் போகவும் இல்லை. இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவராக இருந்தவர், பட்டியாலா மகாராஜா யாதவேந்திர சிங். விளையாட்டில் மிகுந்த ஆர்வம் உள்ளவர். அவரிடம் தன் பக்க நியாயத்தை எடுத்துச் சொன்னார்.

மகாராஜா ஒரு முடிவு செய்தார். தேர்வான வீரரோடு ஜாதவ் மறுபடியும் மோதட்டும். யார் ஜெயிக்கிறார்களோ அவர் ஹெல்சிங்கி போகட்டும் என்றார். போட்டி நடந்தது. சில நொடிகளிலேயே எதிராளியை மல்லாத்திவிட்டார் ஜாதவ். அதற்கு மேல் யாரும் பேச வழி இல்லை!

அடமானத்துக்குப் போன வீடு

இடம் கிடைத்துவிட்டது. பணம்?

இன்று ஒலிம்பிக் போகும் வீரர்களுக்கு அரசும், நிறுவனங்களும் செலவு செய்கின்றன. அப்போது அப்படி இல்லை. நாடு சுதந்திரம் அடைந்து ஐந்தே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பல வீரர்கள் தங்கள் பயணச் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை. ஜாதவுக்கும் அதே கதிதான். கேட்ட இடங்களில் தேவையான பணம் கிடைக்கவில்லை. நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன.

குடும்பத்தினர் வீடு வீடாக ஏறி இறங்கினர். கோலேஷ்வர் கிராமத்தில் பெரிய பணக்காரர்கள் என்று யாரும் இல்லை. எல்லாரும் விவசாயிகள், சின்னச் சின்னக் கடைக்காரர்கள். ஆனாலும், தங்களால் முடிந்ததைக் கொடுத்தனர். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தும் போதவில்லை.

அப்போதுதான் மறுபடியும் வந்தார் கல்லூரி முதல்வர் கர்டேகர். தன் சொந்த வீட்டை வங்கியில் அடமானம் வைத்து, 7,000 ரூபாய் கடன் வாங்கி ஜாதவிடம் கொடுத்தார்!

7,000 ரூபாய் என்றால் சாதாரணமா? ஒரு சவரன் தங்கம் 100 ரூபாய்க்கும் குறைவாக விற்ற காலம் அது. அப்படியானால், அந்தப் பணத்துக்கு எத்தனை சவரன் வாங்கியிருக்கலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடமானம் என்றால் என்ன என்று விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இல்லை. கடனைத் திருப்பிக் கட்டாவிட்டால் வீடு கையை விட்டுப் போய்விடும். கர்டேகர், ஜாதவுக்குச் சொந்தக்காரர் இல்லை. ஜாதவ் பதக்கம் வெல்வார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஒரு காலத்தில் தன் அறைக்கு வந்து, ஒரே ஒரு வாய்ப்புக் கேட்ட அந்த ஒல்லி மாணவர் மேல் அவர் வைத்த நம்பிக்கைதான் அந்த 7,000 ரூபாய்.

நினைத்துப் பாருங்கள் குட்டீஸ். மற்ற நாட்டு வீரர்கள் விளையாட்டை மட்டும் நினைத்துக்கொண்டு ஹெல்சிங்கி போனார்கள். ஜாதவ் போகும்போது, ஊர் மக்கள் கொடுத்த காசும், ஆசிரியரின் வீடும் அவர் தோளில் இருந்தன.

ஹெல்சிங்கியில் அந்த நாள்

1952ம் ஆண்டு, ஜூலை மாதம். பின்லாந்து, பூமியின் வடக்குக் கோடியில் உள்ள நாடு. கோடைக் காலத்தில் அங்கு இரவு வெகுநேரம் வரை வெளிச்சம் இருக்கும். கராட் கிராமத்து இளைஞருக்கு எல்லாமே புதிது.

ஆனால், இந்த முறை மெத்தை புதிது இல்லை! நான்கு ஆண்டு உழைப்பு கை கொடுத்தது. கனடா வீரரைத் தோற்கடித்தார். அடுத்து மெக்சிகோ வீரர், அவரும் வீழ்ந்தார். அதற்கடுத்து ஜெர்மனி வீரர், அவரையும் வென்றார். பதக்கம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வந்துவிட்டது.

இறுதிக் கட்டத்தில் இரண்டு பலசாலிகள் எதிரே நின்றனர். ஒருவர் ஜப்பானின் ஷோஹாச்சி இஷி. மற்றொருவர் சோவியத் யூனியனின் ரஷீத் மம்மத்பேயொவ். இருவருமே உலகின் மிகச் சிறந்த வீரர்கள்.

அன்றைய விதிப்படி ஒரு போட்டி 15 நிமிடம் வரை நடக்கும். 15 நிமிடம் என்பது கேட்கச் சின்னதாகத் தெரியலாம். உங்கள் நண்பனோடு ஒரு நிமிடம் மல்லுக்கட்டிப் பாருங்கள், மூச்சு வாங்கும். உலக வீரர் ஒருவரோடு 15 நிமிடம் போராடினால், கை, கால் எல்லாம் துவண்டு போகும்.

அப்படி ஒரு நீண்ட போட்டியை முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார் ஜாதவ். உடனே அடுத்த போட்டிக்கு அழைப்பு வந்துவிட்டது! இரண்டு போட்டிகளுக்கு நடுவே அரை மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால், அதை எடுத்துச் சொல்ல அங்கே இந்திய அதிகாரி ஒருவர்கூட இல்லை. மொழி தெரியாத ஊரில், களைத்துப் போன உடம்போடு, தனி ஆளாக மறுபடியும் மெத்தை மேல் ஏறினார் ஜாதவ்.

அந்தக் கட்டத்தில் இரண்டு போட்டிகளிலும் தோல்விதான். ஆனால், அதற்கு முன் பெற்ற வெற்றிகள் வீண் போகவில்லை. தங்கம் இஷிக்கு, வெள்ளி மம்மத்பேயொவுக்கு, வெண்கலம் காஷாபா ஜாதவுக்கு!

சுதந்திர இந்தியாவின் வீரர் ஒருவர், தனிநபர் போட்டியில் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அந்த ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஜப்பானுக்குக் கிடைத்த ஒரே தங்கத்தை வென்றவர் இஷி. அப்படிப்பட்டவரோடு மோதிய பெருமையும் ஜாதவுக்கு உண்டு.

மாட்டு வண்டி ஊர்வலம்

அதே ஒலிம்பிக்கில் நம் ஹாக்கி அணி, தொடர்ந்து ஐந்தாவது முறையாகத் தங்கம் வென்றது. நாடு முழுவதும் அதைத்தான் கொண்டாடினார்கள். வெண்கலம் வென்ற மல்யுத்த வீரரைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

ஆனால், தன் பிள்ளையை ஊர் மறக்குமா? கராட் ரயில் நிலையத்தில் ஜாதவ் வந்து இறங்கியபோது, நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டு வண்டிகள் காத்து நின்றன! வண்டிகளை அலங்கரித்து, மேள தாளத்தோடு ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். வழக்கமாக 15 நிமிடத்தில் போகக்கூடிய தூரத்தைக் கடக்க, ஏழு மணி நேரம் ஆனதாம். காசு கொடுத்தவர்கள், கொடுக்க முடியாமல் வாழ்த்தி மட்டும் அனுப்பியவர்கள் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பதக்கம் ஜாதவின் கழுத்தில் இருந்தாலும், அது தங்கள் பதக்கம் என்றே ஒவ்வொருவரும் நினைத்தார்கள்.

முதலில் தீர்த்த கடன்

பாராட்டு முடிந்தது. மாலைகள் வாடின. அடுத்து ஜாதவ் என்ன செய்தார் தெரியுமா?

பரிசுப் பணம் கேட்டு யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை. மறுபடியும் கோதாவில் இறங்கினார்! மல்யுத்தப் போட்டிகளுக்கு ஏற்பாடு செய்து, தானே மோதினார். ஒலிம்பிக் வீரரின் ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் கூடியது. பல போட்டிகளில் வெற்றி பெற்றார். அதில் கிடைத்த பணத்தைக் கொண்டு போய்த் தன் கல்லூரி முதல்வரிடம் கொடுத்தார். கர்டேகரின் வீடு அடமானத்திலிருந்து மீண்டது.

ஹெல்சிங்கியில் வெண்கலம் வென்றது பெரிய சாதனைதான். ஆனால், தனக்குத் தோள் கொடுத்தவரின் சுமையை இறக்கி வைத்துவிட்டுத்தான் தன் வேலையைப் பார்ப்பது என்று நினைத்தாரே, அது அதைவிடப் பெரியது, இல்லையா?

காக்கிச் சட்டை

1955ம் ஆண்டு, போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக வேலைக்குச் சேர்ந்தார் ஜாதவ். போலீஸ் துறை விளையாட்டுகளில் வெற்றிகள் பெற்றார். இளைய வீரர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். 1956ம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக் போக வேண்டும் என்று ஆசை இருந்தது. ஆனால், முழங்காலில் ஏற்பட்ட பலமான காயம் அதற்கு வழி விடவில்லை.

27 ஆண்டுகள் போலீஸ் வேலை பார்த்து, உதவி கமிஷனராக ஓய்வு பெற்றார். அதன் பிறகும் வாழ்க்கை சுகமாக இல்லை. ஓய்வூதியத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. விளையாட்டு அமைப்புகள் அவரை மறந்தே போயின. கடைசிக் காலத்தில் பணக் கஷ்டம் இருந்தது. 1982ம் ஆண்டு டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது, தீபத்தை ஏந்தி ஓடியவர்களில் ஒருவராக அவருக்கு இடம் கொடுத்தார்கள்.

1984ம் ஆண்டு, ஆகஸ்ட் 14ம் தேதி, சாலை விபத்து ஒன்றில் இறந்து போனார் ஜாதவ். அப்போது அவருக்கு வயது 58.

அவர் போன பிறகுதான் பெருமைகள் தேடி வந்தன. 2000ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதை, மறைந்த ஜாதவுக்கு அறிவித்தது மத்திய அரசு. 2010ம் ஆண்டு டில்லியில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தபோது, மல்யுத்த அரங்குக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

அவருடைய பதக்கத்தின் அருமை எப்போது தெரிந்தது தெரியுமா? அடுத்த தனிநபர் ஒலிம்பிக் பதக்கத்துக்காக இந்தியா 44 ஆண்டுகள் காத்திருந்தபோதுதான்! 1996ம் ஆண்டு அட்லாண்டாவில், டென்னிஸ் வீரர் லியாண்டர் பயஸ் வெண்கலம் வென்றார். 2000ம் ஆண்டு சிட்னியில், 240 கிலோ எடையைத் தூக்கி வெண்கலம் வென்றார் கர்ணம் மல்லேஸ்வரி. ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். மல்யுத்தத்திலோ அடுத்த பதக்கத்துக்கு 2008ம் ஆண்டு வரை, அதாவது 56 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

உங்கள் கூடையைத் தூக்கிவிடுவது யார்?

குட்டீஸ்... உங்களுக்கும் சுமை இருக்கிறது. புத்தக மூட்டையைச் சொல்லவில்லை. பரீட்சையில் நிறைய மார்க் வாங்க வேண்டும், போட்டியில் ஜெயிக்க வேண்டும், அப்பா, அம்மா கஷ்டப்பட்டுக் கட்டும் பீசுக்குப் பலன் காட்ட வேண்டும் என்ற நினைப்பு சில நேரம் நெஞ்சை அழுத்தும். பரீட்சைக்கு முதல் நாள் தூக்கம்கூட வராது.

ஜாதவுக்கும் அழுத்தம் இருந்தது. அதை அவர் எப்படிச் சுமந்தார் என்று யோசித்துப் பாருங்கள். சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்றபோது, முதல்வரிடம் போய்ப் பேசினார். புள்ளி குறைந்தபோது, மகாராஜாவிடம் போய்ப் பேசினார். பணம் இல்லாதபோது, ஊராரிடம் கை நீட்ட வெட்கப்படவில்லை. வாயைத் திறந்து உதவி கேட்பது கோழைத்தனம் இல்லை என்பது அந்தப் பயில்வானுக்குத் தெரிந்திருந்தது. ஹெல்சிங்கியில், அவருக்காகப் பேச யாரும் இல்லாத ஒரு நாளில்தான் களைத்த உடம்போடு அவர் மெத்தை ஏற வேண்டி வந்தது.

அதனால், மனசு கனக்கும்போது அம்மாவிடமோ, அப்பாவிடமோ, உங்களுக்குப் பிடித்த டீச்சரிடமோ சொல்லுங்கள். அவர்கள் உங்களுக்காகச் சுமக்க மாட்டார்கள். படிக்க வேண்டியதும், ஓட வேண்டியதும் நீங்கள்தான். ஆனால், கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிவிடுவார்கள். சும்மாடு வைத்த தலையில் கூடை ஏறிவிட்டால், அப்புறம் நடப்பது சுலபம்தான்.

நாளைக்கு உங்கள் பக்கத்து பெஞ்ச் நண்பன், ஒரு பெரிய கூடையை முன்னால் வைத்துக்கொண்டு, யாராவது வருவார்களா என்று சுற்றும் முற்றும் பார்க்கலாம். அப்போது நீங்கள் போய் ஒரு கை கொடுங்கள்!

தெரிந்து கொள்வோம்!

* ஜாதவுக்கு முன்பே, 1900ம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் பெயரில் இரண்டு வெள்ளிப் பதக்கங்கள் வென்றவர் நார்மன் பிரிட்சார்ட். அப்போது இந்தியா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது.

* 1952ம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கின் நாயகன், செக்கோஸ்லோவாகியா ஓட்ட வீரர் எமில் ஜடோபெக். 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றார். ராணுவத்தில் இருந்த அவர், கனமான பூட்ஸ் அணிந்து ஓடிப் பயிற்சி செய்தவர். பயிற்சியில் பாரத்தைப் பழகிவிட்டால், போட்டியில் கால் லேசாகிவிடும் அல்லவா!

* பழைய பயில்வான்கள் உடம்பை வளர்த்தது இரும்புக் கருவிகளால் இல்லை. தண்டால், பஸ்கி, கயிறு ஏறுதல், கர்லாக்கட்டை சுற்றுதல் ஆகியவைதான் அவர்களின் உடற்பயிற்சிகள்.